சித்தப்பா ஊதியும் வாய் திறக்காத கருவி

ஓலைத்தொடுவாயிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்குப் பக்கத்து இருக்கையில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவிகள் இருவர். மடியில் ஒரு சிறிய சர்க்கிட் போர்ட்டும் மதுவாடையைக் கண்டுபிடிக்கும் சென்சரும்.

“நேற்றுச் சித்தப்பா மூண்டு தரம் ஊதியும் இது வாய் திறக்கேல்லையடி,” என்றாள் கண்ணாடி போட்டவள்.

“சித்தப்பா குடிச்சிருந்தவரோ?”

“அதுக்காகத்தானே பொழுதுபடும் வரைக்கும் காத்திருந்தனான். இண்டைக்குக் கண்காட்சியில இது சத்தம் போடாட்டி எங்கட மானம் போகும்.”

தோழி வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“சென்சர் அனுப்புற வயரை, போர்ட்டும் அனுப்புற இடத்திலயே கொழுவியிருக்கிறாய். ரெண்டும் கதைச்சா ஆர் கேக்கிறது? போர்ட் கேக்கிற இடத்தில கொழுவு.”

மாற்றிக் கொழுவியதும் பச்சை லைட் எரிந்தது. முன் இருக்கையில் மனைவியோடு இருந்த பெரியவர் ஆவலாகத் திரும்பிக் குனிந்தார்.

“என்ன பிள்ளையள் இது?”

கருவி கீச்சென்று அலறியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“வேலை செய்யுதடி!” என்று கண்ணாடிக்காரி கத்தியே விட்டாள்.

“இருமல் மருந்து குடிச்சனான்,” என்றார் பெரியவர்.

“ஓம் ஐயா,” என்றாள் தோழி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இருக்கையில் முழங்காலை ஊன்றி, முழுதாகவே பின்னால் திரும்பினார்.

“பிள்ளையள், கண்காட்சி முடிய இதை என்ன செய்யப் போறியள்? எங்கட வாசல் கதவில பொருத்தித் தாறியளோ?”