போகாதே என்று கேட்டவள்

ராயப்பேட்டையிலிருந்து அடையாறு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் ஒரு நாவல் விரிந்து கிடந்தது.

"இந்தக் கதையிலயே தைரியசாலி அந்தச் சிடுமூஞ்சி அக்காதான்டி."

"யாரு, எல்லார்கிட்டயும் சண்ட போட்டுக்கினே இருப்பாளே, அவளா? கப்பலேறிப் போறானே அவ தம்பி, அவன் இல்லியா?"

"அவன் போறான், அவ்ளோதான். இவ யார்கிட்டயும் எதுவும் கேக்காதவ. அன்னிக்கு அவன் கையப் புடிச்சி, 'போகாதடா, நீ இல்லாம என்னால முடியாது'ன்னு கேக்குறா."

"கேட்டும் போய்ட்டான்ல?"

"போயிடுவான்னு தெரிஞ்சிதான் கேக்குறா."

லஸ் முனை சிக்னலில் பேருந்து நின்றது. நாவல் வைத்திருந்தவள் அதை மூடினாள்.

"செந்தில் துபாய்க்குக் கெளம்பசொல்லோ நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'ஒடம்பப் பாத்துக்கோ'ன்னேன். சிரிச்சிக்கினே சொன்னேன்."

"நீ ஆசப்பட்டியே, அந்தச் செந்திலா? போகாதன்னு சொல்லியிருந்தா நின்னுருப்பானா?"

மந்தைவெளியில் பேருந்து நின்றபோது அவள் நாவலைப் பைக்குள் வைத்தாள்.

"நின்னுருக்க மாட்டான். ஆனா இங்க ஒருத்திக்கு அவன் வேணும்னு தெரிஞ்சிக்கினு போயிருப்பான்."