துணைக் கேள்வி

வாயால் சொல்வதைவிட எழுதித் தருவது எனக்குச் சுலபம். நல்ல பேனா கொடுத்ததற்கு நன்றி. சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். விண்ணப்பம் என்றால் படிப்பவர் இரண்டாம் முறை படிக்கும்படி இருக்கக் கூடாது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். எங்காவது புரியாவிட்டால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள், திருத்தித் தருகிறேன்.

நான் எதிர்க்கட்சித் தலைவரின் உதவியாளர். சட்டமன்றத்தில் அவர் கேட்கும் கேள்விகளை எழுதுவது என் வேலை. "மின் நிலையத்துக்கு அலங்கார வளைவு கட்டி முடித்துவிட்டீர்கள், மின்சாரம் எப்போது வரும்?" என்று அவர் கேட்டு, ஆளுங்கட்சிக்காரர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களே, அது நான் எழுதியது. பேர் அவருக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. குரல் அவருடையது, வாக்கியம் என்னுடையது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பதில் நம்ம கையில இல்லாத கேள்விய நான் எழுந்து கேட்க மாட்டேன் தம்பி. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்க."

எங்கள் தொழிலில் இது ஏன் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவோம். குறித்த நாளில் அமைச்சர் எழுந்து, அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்த பதிலை வாசிப்பார். அதன் பிறகு எங்கள் உறுப்பினர் அங்கேயே நின்று இன்னொன்று கேட்கலாம். அதற்குப் பெயர் துணைக் கேள்வி. முதல் கேள்வி புழு, துணைக் கேள்விதான் தூண்டில் முள். அமைச்சர் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று முழுங்கிய பிறகு இழுக்க வேண்டும்.

இந்த ஆண்டு முழுக்க மின்சாரத்தையே பிடித்திருந்தோம். கோடி கோடியாகக் கொட்டிய மின் நிலையம் பாதியில் நிற்கிறது. வட்டாரம் வட்டாரமாக முறை வைத்து மின்வெட்டு. ஊரிலேயே பெரிய அரசு மருத்துவமனைக்குத் தனி மின்பாதை போடவில்லை, அதனால் அந்த வட்டாரத்தின் முறை வந்தால் அங்கேயும் மின்சாரம் போகும். ஜெனரேட்டரோ அடிக்கடி ஓட மறுக்கும். அதை ஓட்ட ஒரே ஒரு ஆள். இரண்டாவது பணியிடம் காலியாகவே கிடக்கிறது. இவை ஒவ்வொன்றையும் நான் அலைந்து சேகரித்தேன். எல்லாவற்றுக்கும் சிகரமாக அந்த மருத்துவமனை ஜெனரேட்டரைப் பற்றி ஒரு கேள்வி எழுதினேன். தலைவர் படித்துவிட்டு, "இதுல ஆட்சியே ஆடிப்போயிரும்யா" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷம் அப்படி.

கேள்வி போய்ச் சேர்ந்ததும் துறையில் அடித்துப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். எங்கள் கேள்வி வரும் நாளுக்குள் புது ஜெனரேட்டர் இறக்கிவிட்டார்கள்.

தலைவர் நேரில் பார்க்கப் போனார். நானும் போனேன். ஜெனரேட்டர் ஓட்டுபவரை மருத்துவமனையில் எல்லாரும் டீசல் என்றுதான் கூப்பிடுவார்கள், நான் டீசல் அண்ணன் என்பேன். புது மாப்பிள்ளை மாதிரி சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றார்.

"பாருங்கய்யா, இந்தக் குமிழ் 'தானியங்கி'ல இருந்தா போதும். கரண்ட் போனதும் தானா ஓடும். முன்னாடி நான் ஓடணும், இப்ப அது ஓடுது."

"அப்ப உங்களுக்கு வேலை?" என்றார் தலைவர்.

"டீ குடிக்கிறதுதான்யா."

அப்போது அவர் சட்டைப் பையில் சேவல் கூவியது. அவருடைய போன் மணி அது. தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். அங்கே ஒரு தையல்காரம்மா, மூச்சு இயந்திரத்தில் இருந்தார். தேறி வருகிறார் என்று அவர் கணவர் சொன்னார். அந்த அம்மா முகமூடியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, "நான் உங்களுக்கு ஓட்டுப் போடலைங்கய்யா" என்றார்.

"பரவால்லம்மா. நிறையப் பேர் போடல, அதான் எதிர்க்கட்சியா இருக்கேன்."

"அடுத்த வாட்டி போடுறேன். லைட்டு அணைஞ்சா உசுரே போயிரும்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். இப்பத்தான் தூங்குறேன்."

"பேசாத, முகமூடியப் போடு" என்று கணவர் அதட்டினார்.

திரும்பி வரும்போது காரில் தலைவர் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். "அந்தக் கேள்விய எடுத்துரலாம்ப்பா" என்றார்.

"பட்டியல் அச்சாயிருச்சுங்கய்யா."

"அப்ப எழுந்து அமைச்சருக்கு நன்றி சொல்லிட்டு உக்காந்துடறேன். ரெண்டு வரி எழுதிக் குடு."

"நம்ம கேள்வி என்னாகறதுங்கய்யா?"

"அதான் வேலை செஞ்சிருச்சே. அதுக்குத்தானப்பா கேட்டோம்?"

அதற்குத்தான் கேட்டோம் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அவர் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் சட்டமன்ற முகப்புக் கூடத்தில் அமைச்சர் தலைவரின் தோளில் கை போட்டார். "உங்க கேள்வி வந்தாலே எங்க ஆளுங்களுக்கு வயித்தக் கலக்குதுங்க" என்றார். இருவரும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்தார்கள். நான் பக்கத்தில் கேள்விக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிரி என்று யாரைச் சொல்லி என்னை இத்தனை வருடம் எழுத வைத்தாரோ, அவரோடு தலைவர் டீ குடித்தார். கட்டிய மனைவி போட்டுவிட்டுப் போனபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை. அவள் போனதே இந்த வேலையால்தான்.

நன்றி உரையை எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே வந்திருந்தது.

கேள்வி வரும் நாளில் மருத்துவமனை வட்டாரத்துக்குக் காலையில் மின்வெட்டு முறை. அட்டவணை எனக்கு மனப்பாடம். சட்டமன்றம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று டீசல் அண்ணன் நாங்கள் பார்க்கப் போன அன்று சொல்லியிருந்தார். தலைவர் பெயரில் அவருக்குப் பார்வையாளர் மாடத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டு வாங்கினேன். "உங்க ஜெனரேட்டரப் பத்தி அவையில பேசப் போறாங்கண்ணே" என்றேன்.

"நான் இல்லாட்டி பரவால்லையா தம்பி?"

"அதான் தானா ஓடுமே."

"ஆமால்ல" என்று சிரித்தார்.

காலையில் மருத்துவமனைக்குக் காரில் போய் நானே கூட்டிவந்தேன். அவர் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள், ஜெனரேட்டர் அறையில் அந்தக் குமிழை 'தானியங்கி'யிலிருந்து 'நிறுத்தம்' பக்கம் திருப்பினேன். கனமாக இருக்கும் என்று நினைத்தேன். ரேடியோவின் குமிழ் மாதிரி லேசாகத்தான் இருந்தது. அண்ணன் வந்து, உள்ளே பார்க்காமல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் செய்தது அவ்வளவுதான். அவரை இனியும் காவலில் வைத்திருப்பது நியாயமில்லை.

யாரையும் கொல்ல நான் நினைக்கவில்லை. அந்த இயந்திரங்களுக்குள் பேட்டரி உண்டு, கொஞ்ச நேரம் தாங்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதும் என்று கணக்குப் போட்டேன். தலைவர் நன்றி சொல்ல எழும்போது ஒரு துண்டுச் சீட்டு அவர் கைக்குப் போகும்: "இந்த நிமிடம் மருத்துவமனை இருட்டில் இருக்கிறது, ஜெனரேட்டர் ஓடவில்லை. அமைச்சருக்குத் தெரியுமா?" இதைவிட நல்ல துணைக் கேள்வியை நான் எழுதியதில்லை. பதில் கையில் இருந்தது. அவர் சொன்ன விதியை நான் மீறவில்லை.

அன்று எங்கள் கேள்விக்கு முன்னால் ஒரு சாலைப் பாலத்தைப் பற்றிய விவாதம் இழுத்துக்கொண்டே போனது. அது என் கையில் இல்லை. தலைவர் எழுந்ததும் சீட்டைச் சேவகரிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படித்தார். காகிதங்களை அப்படியே மேசையில் போட்டுவிட்டு வெளியே ஓடினார். அந்த வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் எழுதிய கேள்விகளில் அவர் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

பூட்டை உடைத்திருக்கிறார்கள். உடைத்தும், எந்தக் குமிழ் என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர்கள் கையாலேயே காற்றை அழுத்திக் கொடுத்திருக்கிறார்கள். கைகள் போதவில்லை. மூன்று பேர். தையல்காரம்மாவும் அதில் சேர்த்தி.

மாலையில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. "டீசலுக்குப் பாஸ் யாருப்பா வாங்கினது?"

"உங்க பேர்லதான்யா, நான்."

"ஏன் இன்னிக்கு?"

பதில் கையில் இல்லாமல் அவர் எதையும் கேட்பதில்லை. என் முன்னாலேயே உங்களுக்கு போன் செய்தார். இரண்டாவது தடவையாக என்னைக் கைவிட்டார்.

நேற்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது அண்ணனின் போனைப் பற்றி. அதையும் எழுதிவிடுகிறேன். பார்வையாளர்கள் போனை உள்ளே கொண்டு போகக் கூடாது. வாசலில் மர அடுக்கில் வைத்துவிட்டுப் போக வேண்டும். உதவியாளர்களாகிய நாங்கள் நிற்பது அந்த அடுக்குக்குப் பக்கத்தில்தான். பாலத்தைப் பற்றிய விவாதம் தொடங்கியபோதே சேவல் கூவ ஆரம்பித்துவிட்டது. நிற்கும், மறுபடி கூவும்.

"யாருய்யா கோழியச் சட்டமன்றத்துக்குக் கூட்டியாந்தது?" என்று காவலர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "சார், உங்ககூட வந்தவரோடதுதான? ஆஸ்பத்திரின்னு வருது. என்னமோ அவசரம் போல, எடுத்துப் பேசுங்களேன்."

நான் எடுக்கவில்லை, அவரையும் எடுக்க விடவில்லை. அடுத்தவர் போனை எடுத்துப் பேசுவது நாகரிகமில்லை என்றேன். எனக்கு எப்போதுமே அந்தப் பழக்கம் கிடையாது.