நாலாம் நம்பரில் ஒட்டிய பாகு

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நொரீன். நீ கொடுத்த மஞ்சள் நோட்டும் நல்ல நோட்டுதான். பேனா மட்டும் கொஞ்சம் கசிகிறது. "முதல்லேர்ந்து எழுதுங்க டாக்டர், அவசரமே இல்ல" என்றாய். எழுதுகிறேன். நாற்பது வருஷம் இந்த ஊர்க்காரர்களின் வாயைத் திறக்கச் சொன்னவன் நான். என் வாயைத் திறக்க யோசிப்பேனா?

துப்பாக்கி சேர்க்கிறவர்களைக் கிறுக்கர்கள் என்பார்கள். அதிலும் நம்பர் பார்த்துச் சேர்க்கிறவன் முற்றிய கிறுக்கன். டன்விக் கம்பெனி நம் ஒஹாயோவில் ரிவால்வர் செய்ய ஆரம்பித்தபோது, முதலில் வந்த ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை நம்பர் வெட்டினார்கள். பிறகு வந்தவை ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, அவற்றை யார் சீந்துவார்கள்? ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்னிடம் இருந்தன. நாலாம் நம்பர் ஓரின் பீஸ்லியிடம்.

ஓரினை உனக்குத் தெரியும். லாரி மெக்கானிக், தீயணைப்புக் குழுவில் தொண்டர், வாயைத் திறந்தால் கேலி. முப்பத்தோரு வருஷமாக ஒரே காரில் கண்காட்சி கண்காட்சியாகச் சுற்றினோம். அவனைப் போல என்னைச் சிரிக்க வைத்தவன் யாருமில்லை.

எழுபது தாண்டினால் எங்கள் ஆட்களுக்கு ஒரே கவலைதான். நமக்குப் பிறகு இதெல்லாம் யார் கைக்குப் போகும்? என் மகன் டேலைக் கேட்டேன். "வித்துட்டு ஒரு படகு வாங்கிருவேம்பா" என்றான். நேர்மையான பையன். அருங்காட்சியகத்தில் கேட்டால், கிடங்கில் பத்திரமாக இருக்கும் என்றார்கள். கடைசியில் நானும் ஓரினும் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டோம். யார் முதலில் போகிறானோ அவனுடையது மற்றவனுக்கு. ஐந்தும் ஒரே இடத்தில் சேரும். மிஞ்சியவன் நல்ல ஆளாகப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். ஆளை எடைபோடுவதில் ஓரின் கெட்டிக்காரன். எனக்குப் பல்லைப் பார்க்கத் தெரியும், ஆளைப் பார்க்கத் தெரியாது.

போன சனிக்கிழமை காலை அவன் வீட்டுக்குப் போனேன். மறுநாள் தீயணைப்புக் குழுவின் பான்கேக் விருந்து. அன்றுதான் என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளும். ஓரின் மாவுக்குப் பதம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடா பல்லுப்புடுங்கி. உக்காந்து நாலு தின்னு."

"எனக்குச் சர்க்கரை இருக்குடா."

"பாகு ஊத்தாமத் தின்னு. சேதி கேட்டியா? எங்க ஸ்டேஷன் கூரை ஒழுகுது. நாளைக்குக் குலுக்கல்ல நாலாம் நம்பர வெக்கப்போறேன். சீட்டு ரெண்டே டாலர்."

"விளையாடாத ஓரின்."

"யாரு விளையாடுறா? பன்னி வளக்குற ஹாங்குக்கு விழுந்துச்சுன்னு வெய்யி. வண்டில போட்டு வெச்சு எலி சுடுவான். அதுவும் ஒரு பொழப்புதான்."

சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து நாலாம் நம்பரை வெறுங்கையில் எடுத்தான். விரலெல்லாம் மேப்பிள் பாகு.

இதை நீ புரிந்துகொள்ள வேண்டும், நொரீன். நாங்கள் பருத்திக் கையுறை இல்லாமல் அவற்றைத் தொடுவதில்லை. கை வியர்வைக்கே இரும்பின் நீல மெருகு போய்விடும். "கைய எடு" என்று இரண்டு முறை சொன்னேன். "நக்கிப் பாக்குறியா?" என்று என் முகத்துக்கு நேரே ஆட்டினான். அடுப்பில் இரும்புச் சட்டி இருந்தது. கைப்பிடி நல்ல சூடு, உள்ளங்கையில் இருக்கும் இந்தக் கொப்புளம் அதனால்தான். துப்பாக்கி கீழே விழுவதற்குள் இடது கையால் பிடித்துவிட்டேன். அது பெரிய நிம்மதி.

துப்பாக்கி இருக்கும்போது சட்டியால் ஏன் அடித்தீர்கள் என்று உன் உதவியாளன் கேட்டான். நாலாம் நம்பர் ஒருமுறைகூடச் சுடப்படாதது. சுட்டால் மதிப்புப் பாதியாகிவிடும். நல்ல பையன், போகப்போகக் கற்றுக்கொள்வான்.

ஓரின் தரையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். என் பேரைச் சொன்ன மாதிரியும் இருந்தது. பாகு காய்ந்தால் நம்பர் வெட்டிய பள்ளத்தில் இறுகிவிடும், அதனால் முதலில் அதைத் துடைத்தேன். என் பையில் துணியும் எண்ணெயும் எப்போதும் இருக்கும். துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி துடைக்க நாற்பது நிமிஷம் ஆனது. பெட்டியில் வைத்துத் திரும்பியபோது மூச்சு நின்றிருந்தது. அப்போதே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர்கள் சொன்னதாகச் சொன்னாய். இருக்கலாம். பாகு காத்திருக்காதே.

நான் போனபோதே அவன் வழுக்கி விழுந்து கிடந்தான், நான் எதையும் தொடவில்லை என்று சொன்னேன். ஊரே நம்பியது. ஆனால் துப்பாக்கி எண்ணெயில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் விடுவது என் வழக்கம், பல் வைத்தியன் புத்தி. நீ பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தாய். ஏழு வயதில் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுத பிள்ளை அந்த வாசனையை மறக்குமா? அன்றைக்கு அடைத்த கடைவாய்ப்பல் இன்னும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பெட்டியின் வெல்வெட்டுக்கு அடியில் இருந்ததாக நீ இன்று காட்டிய சீட்டைப் பற்றியும் எழுதச் சொன்னாய். ஓரின் கையெழுத்துதான். "பல்லுப்புடுங்கிக்கு, எழுபத்தஞ்சாவது பொறந்தநாளுக்கு. அஞ்சும் ஒண்ணா இருக்கட்டும். குலுக்கலுக்கு என் பழைய வேட்டைத் துப்பாக்கியக் குடுத்தாச்சு. உன்ன ஒரு ராத்திரியாச்சும் தூங்க விடக்கூடாதுன்னு ஆசை, அதான்." நீ அதைப் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தாய். எனக்கு மனம் லேசாகிவிட்டது. அது எனக்கு வர வேண்டியதுதான் என்று நான் நினைத்தது சரியாகிவிட்டது, பார்த்தாயா? என் பொருளை நான் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

ஓரின் பீஸ்லியைக் கொன்றது நான்தான். இதோ கையெழுத்து. இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். ஐந்தையும் தொடுகிறவர்கள் கையுறை போடட்டும். வழக்கு நம்பர்ச் சீட்டை ஒட்ட வேண்டாம், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். உயிலில் எனக்குப் பிறகு யாருக்கு என்ற வரியை வக்கீல் காலியாக விட்டு அனுப்பியிருக்கிறார், காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டேல் வேண்டாம். வேறு பேர் ஒன்றும் தோன்றவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் ஓரினுக்குத்தான் ஆள் தெரியும். அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுதிவிடுகிறேன்.