ஒரு மணி விட்டு ஒரு மணி

எங்கள் ஊர்த் தண்ணீர் நல்ல ருசி. உங்கள் முன்னால் கோப்பையில் இருப்பதும் அதுதான், குடியுங்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் பல ஊர்களில் குடித்துப் பார்த்துவிட்டேன், இந்த ருசி வராது.

ஊராருக்கே சொந்தமான மின்சார, தண்ணீர் அலுவலகத்தில் நான் முப்பத்தொரு வருடமாக எழுத்தர். கரண்டுக்கும் தண்ணீருக்கும் ஒரே பில். அனுப்புவதும் நான், அதற்குத் திட்டு வாங்குவதும் நான். யார் வீட்டிலாவது தண்ணீர் நிற்காமல் ஓடினால் மீட்டர் என் கணினிக்கு மணிக்கொரு தரம் சொல்லிவிடும். உடனே போன் செய்வேன். எடுக்காவிட்டால் எங்கள் லைன்மேன் டுவேனை அனுப்புவேன்.

எல்டன் குப்கா இதைக் கிண்டல் செய்வார். எண்பத்தொரு வயது, வீட்டில் தனியாக இருப்பவர், எங்கள் அலுவலகத்தை நடத்தும் ஐவர் வாரியத்தில் ஒருவர். "மார்லிஸ், உன் மூக்கு எங்க வீட்டுக் குளியலறை வரைக்கும் நீளுதே" என்பார். அந்த மீட்டர்களை வாங்க வைத்ததே அவர்தான். வாய்தான் அப்படி, மனிதர் கெட்டவரில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் புத்தி மாறியது. அலுவலகத்தை வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிடலாம் என்றார். "கம்பமெல்லாம் சாயுது, குழாயெல்லாம் துரு. நம்மால முடியாதும்மா. உனக்கும் ஓய்வெடுக்கிற வயசுதானே?"

வாக்கெடுப்பு வியாழன் மாலை ஐந்துக்கு. விற்கச் சொன்னவர்கள் அவரையும் சேர்த்து மூன்று பேர், கூடாதென்றவர்கள் இரண்டு பேர். அவர் வராவிட்டால் சரிக்குச் சரி. அப்படியானால் தீர்மானம் தோற்றுவிடும்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. எட்டு மணிக்கும் நிற்கவில்லை. போனைக் கையில் எடுத்தேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே வைத்தேன். கசிவு அறிவிப்பைத் தபாலிலும் அனுப்பலாம் என்று விதியில் இருக்கிறது. அன்றே அனுப்பினேன்.

மதியத்துக்கு மேல் ஓட்டம் மாறியது. ஒரு மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரம் நிற்கும். மறுபடி ஓடும், நிற்கும். எந்தக் குழாயும் அப்படிக் கசியாது. மனிதர் விழுந்து கிடக்கிறார், குளியல் தொட்டிக் குழாய் கைக்கு எட்டுகிறது, நான் இங்கே பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதும் அவருக்குத் தெரியும். என்னைத்தான் கூப்பிட்டார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன் காலை டுவேன் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தான்.

"குப்கா வீட்ல என்ன கூத்து இது? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்."

"வேணாம்ப்பா. அவரு லிங்கன் டவுன்ல மக வீட்டுக்குப் போயிருக்காரு. குழாய்ல ஏதோ பழுது."

"வாசல்லயே தண்ணிய அடைச்சிட்டு வரட்டுமா?"

"இந்தக் குளிர்ல அடைச்சா உள்ள குழாய் உறைஞ்சு வெடிச்சிரும். திரும்பி வந்து உன்னத்தான் பிடிப்பாரு."

"சாமி, அந்த வாய்க்கு யாரு பதில் சொல்றது" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

டுவேனைக் குறை சொல்லாதீர்கள், அவன் கேட்டான், நான் பொய் சொன்னேன். வாரியத்தாரிடமும் அதே பொய்தான். ஆனால் தண்ணீரை அடைக்க விடவில்லை, பாருங்கள். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று நினைத்தேன். கொல்ல நினைக்கிறவள் அதை யோசிப்பாளா?

அந்த இரண்டரை நாளில் நாற்பத்தொரு முறை கணினியில் அவர் மீட்டர் பக்கத்தைத் திறந்திருக்கிறேன் என்று உங்கள் போலீஸ் ஆட்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். இருக்கலாம். தண்ணீர் ஓடும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வியாழன் மாலை இரண்டுக்கு இரண்டு என்று தீர்மானம் தோற்றது. ஐந்தே கால் மணிக்குக் கூட்டம் கலைந்தது. நான் கோட்டை மாட்டிக்கொண்டு, டுவேனை வண்டியை எடுக்கச் சொல்லலாம் என்று எழுந்தேன். போகுமுன் ஒருமுறை திரையைப் பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு அங்கே ஓட்டமே இல்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்ததும் போவதாகத்தான் இருந்தேன். இன்னும் மூன்று மணி நேரம் அவர் பொறுத்திருக்கலாம்.