சிருதேயி விட்டுப்போன வேடம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் ரைரு அவர்களே, எல்லாக் கட்சிக் கொடிகளின் சார்பிலும் மேடையில் அமர்ந்திருக்கும் தோழர்களே, கஞ்சிக்கொட்டகை நாடகக் குழுவினரே, ஆலக்கண்டி மக்களே, வணக்கம்.

எதிராளியையும் அழைத்து இரங்கல் பேச வைப்பது நம் கண்ணூர்ப் பக்கத்து வழக்கம். அதனால் ஆற்றுக்கு அக்கரையில் நாடக மன்றம் நடத்தும் தாமு மாஸ்டரான என்னையும் அழைத்தீர்கள். கூடவே இன்னொன்றும் கேட்டீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சிருதேயியின் வேடத்தை நான் கட்ட வேண்டும் என்றீர்கள். பதிலை இந்தப் பேச்சின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன் ஓர் உண்மை. மறைந்த கலைச்செல்வி மாணிக்கோத்து சிருதேயியைப் பார்த்து நான் இருபது வருடம் வயிறெரிந்தேன். இன்று அவர் படத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் மாலைகளைப் பார்த்தும் எரிகிறேன்.

எரியாதா? என்னிடம் அரங்கம் இருந்தது, திரை இருந்தது, விளக்கு இருந்தது. அவரிடம் என்ன இருந்தது? ஓலைக்கூரை, வார்ப்பு என்று நாம் சொல்லும் ஒரு பெரிய செம்புப் பாத்திரம், பச்சைப்பயறு போட்ட கஞ்சி. ஞாயிறானால் என் ஊர்க்காரர்கள் என் அரங்க வாசல் வழியாகவே நடந்து பாலம் கடந்தார்கள். அவர்களில் என் மனைவி ஜானுவும் ஒருத்தி.

கஞ்சி ஊற்றிக்கொண்டே நாடகம் போடும் அவர் கொட்டகையில் ஒரு சட்டம். பலாயிலையை மடித்து ஈர்க்கு குத்தி உங்களுக்கு நீங்களே கரண்டி செய்துகொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குச் செய்து கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வேறு கொடிக்காரராக இருக்க வேண்டும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இருவர் ஒருவருக்கொருவர் இலை மடித்துக் கொடுத்ததை நானே பார்த்தேன். "கொடிய வெளியில சாத்திட்டு வா தம்பி, கிண்ணத்தை ரெண்டு கையாலயும் புடிக்கணும்" என்பார் சிருதேயி. யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்? எனக்கு வரவில்லை.

நானும் சாப்பாடு போட்டுப் பார்த்தேன். பிரியாணி. தின்றார்கள், கை கழுவினார்கள், திரை விலகுமுன் போய்விட்டார்கள். மானம் கெட்டு சிருதேயியிடமே கேட்டேன்.

"கஞ்சியில என்னத்தப் போடுற சிருதேயி?"

"உப்புதான் மாஷே. உங்க நடிகன் திரைக்குப் பின்னால நிக்கிறான். என் நடிகன் தேங்காய் துருவிட்டு, பரிமாறிட்டு, அப்படியே வசனம் பேசறான். அவன் எப்ப நடிக்க ஆரம்பிச்சான்னு எனக்கே தெரியாது."

அந்தப் பட்டினி நாடகத்தை நீங்கள் மறப்பீர்களா? கூலிக்காரியாக சிருதேயி பந்திகளுக்கு நடுவே வருகிறார். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தன் நெல் இல்லை என்று விரட்டுகிறான். அவர் பசியில் சுருண்டு விழ வேண்டும், கடைசிக் காட்சியில் சாக வேண்டும். விழுந்தார். பந்தியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பீடி சுற்றும் கோரன் எழுந்து தன் கிண்ணத்தை அவர் வாயருகே வைத்தான்.

"இந்தா, முதல்ல குடி. சாகறதை அப்புறம் பாத்துக்கலாம்."

காரியஸ்தனாக நடித்தவன் பதறினான். "டேய் கோரா, அவ சாகணும்டா. இன்னும் ரெண்டு காட்சி இருக்கு."

"நான் கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கேன், இவ எப்படிடா சாவா?"

சிருதேயி எழுந்து உட்கார்ந்து குடித்தார். நாடகம் அங்கேயே முடிந்தது. அதன்பின் எத்தனை முறை போட்டாலும் அந்த நாடகம் கடைசிக் காட்சிக்குப் போனதில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்துவிடுவார்கள்.

அதே பசியை நானும் என் மேடையில் நடித்தேன். துடித்துத் துடித்துச் செத்தேன். கோப்பை கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் ஜானுவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் செத்தீங்க. அங்க அவ விழுந்தா சோறு போடணும்னு தோணுது. இங்க நீங்க விழுந்தா கை தட்டணும்னுதான் தோணுது."

தோழர்களே, ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய அடி உண்டா? கைதட்டல் எனக்கு நிறையக் கிடைத்தது. ஒரு வாய்க் கஞ்சி கிடைக்கவில்லை. சிருதேயியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது அந்த ஒன்றுக்காகத்தான். செத்தும் அவர் அதை எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஊரில் அந்த வேடத்தை யார் கட்டினாலும் நீங்கள் அவரைத்தான் தேடுவீர்கள்.

சரி, பதிலுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வார்ப்பு அடுப்பில் ஏறும். தேங்காய் துருவ நான் காலையிலேயே வந்துவிடுவேன். பரிமாறுவேன். பிறகு உங்கள் பந்திகளுக்கு நடுவே பசியோடு வந்து விழுவேன். தாமு மாஸ்டராயிற்றே என்று யாரும் தயவுக்காக எழ வேண்டாம். உங்களுக்குத் தோன்றினால் மட்டும் எழுங்கள். யாருக்கும் தோன்றாவிட்டால், இத்தனை வருடமாக நீங்கள் ஒருவரும் பார்க்காத அந்தக் கடைசிக் காட்சியை நான் நடித்து முடிக்க வேண்டியிருக்கும். எனக்கு அந்த வசனம் தெரியாது. கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை.