மஸ்கட்காரர் சாப்பிட்டாரோ?

ஹலோ... ஓம், றஞ்சிதம் அக்காதான். வெள்ளவத்தையில மொட்டை மாடியில, சட்டலைட்டைப் பிடிக்க அன்ரனாவும் கையுமா நிக்கிறன்... ஏன் தம்பி பேர்னாட் கத்துறீர்? கொட்டாஞ்சேனையில இருந்து போனே தேவையில்ல, சும்மாவே கேக்குது.

...ஓம், ஓம். நேற்று என்னிலதான் பிழை. மஸ்கட்டில இருந்து ஸஹாப்தீன் சட்டலைட் வழியா எங்கட அமெச்சூர் ரேடியோவில வந்தார், சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டனான். தமிழ் கதைக்கிற மனுசன், கேக்காம விடுறதே? அவர் நெய்ச்சோறு, கத்தரிக்காய் மோஜு எண்டு சொல்லிக்கொண்டு போக, உம்மட முறை வரமுன்னம் சட்டலைட் கடலுக்கங்கால இறங்கிட்டுது. நான் என்ன, அதின்ர வாலைப் பிடிச்சு இழுக்கிறதோ?

...தெரியும், தெரியும். பத்து நிமிசந்தான் தலைக்கு மேல நிக்கும். ஒரு ஆள் கதைச்சா மற்ற எல்லாரும் வாயை மூட வேணும். இந்தியாக்காரர் வேற, நூறாம் நம்பர் பஸ்ஸில தொங்கிற மாதிரி... கோல் சைன் எண்ட உன்ர ரேடியோப் பேரைச் சொல்லு, மற்றவன்ரய வாங்கு, இறங்கு. பாடமாக்கிட்டன்.

...நாளைக்கோ? ஸஹாப்தீன் மஸ்கட்டை விட்டு ஒரேயடியா ஊருக்கு வாறாரோ? ஐயோ, அப்ப இண்டைக்கு விட்டா, நீர் ரேடியோவில பிடிச்ச ஊர்க் கணக்கில மஸ்கட் இல்லை. மூண்டு வருசமா அந்தோனியாருக்குக் கொளுத்தின மெழுகுதிரியெல்லாம்... சரி சரி, பகிடி விடேல்ல. இண்டைக்கு என்ர ரேடியோ செற்றில கையே வைக்கமாட்டன். சும்மா கேட்டுக்கொண்டு நிப்பன். சத்தியம்.

...சட்டலைட் வருகுதோ? ஓம், இங்கயும் இரையுது. கடவுளே, எத்தினை பேர்! ...அந்தா, ஸஹாப்தீன்! கூப்பிடும், கூப்பிடும்! ...உம்மட குரல் நல்லா வருகுது. பாவம், அந்தாளின்ர குரல்தான் வாடிக் கிடக்கு, சாப்பிடேல்லப் போல...

என்னது? "சாப்பிட்டன் அக்கா" எண்டு சொல்லுறாரே! நான் என்ர செற்றைத் தொடவே இல்லை! ...போனை ஸ்பீக்கரில போட்டுக்கொண்டோ ரேடியோ மைக்கை அமத்திக் கதைச்சனீர்? உமக்கென்ன விசரோ! அப்ப நான் சொன்னதெல்லாம் மேல போயிட்டுதோ?

...உஷ். உம்மட கோல் சைனைச் சொல்லும், கெதியா... சொல்லுறார்! திருப்பிச் சொல்லுறார், எனக்கே கேட்டுது! முடிஞ்சுது, மஸ்கட் உமக்குத்தான். ...அழுறீரோ? சீ, துடையும்.

...ஆ? நான் என்ன சாப்பிட்டனான் எண்டு கேக்கிறாரோ? சொல்லும், புட்டும் நெத்தலித் தீயலும்... ஹலோ? பேர்னாட்? ஹலோ?

வெட்டிப்போட்டான்.

இருக்கட்டும். என்ர செற் இருக்குத்தானே.