தரங்கம்பாடியில் பதிவு செய்தது

குரோம்பேட்டையில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் மடியிலும் விடைத்தாள் கட்டு. இளைய ஆசிரியை சொன்னதைக் கேட்டு நான் இயர்போனைக் கழற்றினேன்.

“தரங்கம்பாடி கோட்டையில அவரு தூங்கிட்டாருக்கா!”

“தூங்கவா அவ்ளோ தூரம் போனீங்க? அந்தப் பழைய சர்ச்சுக்குள்ளயாவது போனியா?”

“இல்லக்கா. பதினோரு இடம் லிஸ்ட் போட்டுட்டுப் போனேன். முதல் இடமே கோட்டைதான். மதில் நிழல்ல சாஞ்சு உக்காந்தாரு, அப்படியே கண்ணு சொக்கிடுச்சு. வேலை போனதுல இருந்து ரெண்டு மாசமா ராத்திரியெல்லாம் ஃபேனையே பாத்துட்டிருந்த மனுஷன்!”

“மாத்திரை போட்டும் தூக்கம் வரலன்னியே?”

“அதான் பயந்துபோய் மூக்குகிட்ட விரல் வெச்சுப் பாத்தேன். நம்ம ஜிஎஸ்டி ரோடு மாதிரி ஹாரன் சத்தம் கிடையாது, அலை மட்டும்தான். கோட்டைய மூடணும்னு வாட்ச்மேன் வந்து எழுப்பற வரைக்கும் நாலு மணி நேரம்கா!”

“சரி, போட்டோவைக் காட்டு.” மூத்தவர் செல்போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “அடியே, எல்லாத்துலயும் உன் வீட்டுக்காரர்தான் இருக்காரு. கோட்டை எங்கடி?”

“அவருக்குப் பின்னாடி தெரியுது பாருங்க. அத விடுங்க, இதக் கேளுங்க.”

இளையவர் எதையோ அழுத்தினார். பெட்டியில் மூன்று ஒலிகள் கேட்டன: காற்று, அலை, குறட்டை.

மூத்தவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். ரயிலின் கடைசி நிறுத்தமான தாம்பரம் வந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு வாட்டி போடு,” என்றார்.